புரட்சிகரமான கையுறை

விளம்பரத் தாளில் இருந்த “பரவாயில்லை” என்ற சொல்லைப் புது மேலாளர் வின்ஸ் கரபெல்லா சிவப்புப் பென்சிலால் மூன்று முறை சுழித்திருந்தார். மூன்றாவது சுழியில் தாள் கிழிந்தே போயிருந்தது.

“ஆர்டிஸ், நீங்களே இதை ஒரு தடவை வாய்விட்டுப் படிங்க” என்றார்.

ஆர்டிஸ் ஃபோஸ்மோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். “மான்தோல் கையுறை. உள்ளே கம்பளி. பனிக்குப் பரவாயில்லை.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“ஏம்மா, பனிக்குப் பரவாயில்லைன்னா என்ன அர்த்தம்? கை குளிருமா, குளிராதா?”

“குளிராது.”

“அப்ப அதைச் சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?”

“அதைத்தானே சொல்லியிருக்கேன்” என்றாள் ஆர்டிஸ். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

வின்ஸ் நியூ ஜெர்சிக்காரர். ஜூன் மாதம்தான் எங்கள் லூன்வுட்டுக்கு வந்து சேர்ந்தார். கிழவர் பிரெக்ஹஸ் இடுப்பு ஆபரேஷன் செய்துகொண்டு படுத்த பிறகு, கேட்டலாக் அனுப்பித் தபாலில் சரக்கு விற்கிற அவருடைய வியாபாரம் முழுவதும் இவர் கைக்கு வந்தது. நல்ல மனிதர், குறை சொல்லக் கூடாது. ஆனால் வாயைத் திறந்தால் எல்லாமே பிரமாதம். காபி பிரமாதம், ஏரி பிரமாதம், பெட்ரோல் போடுகிறவன் பிரமாதம். மினசோட்டாவின் வடகோடியில் இப்படிப் பேசுகிற ஆளைப் பார்த்தால் நாங்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வோம்.

எங்கள் பக்கத்தில் “பரவாயில்லை” என்பதுதான் உச்சி. அதற்கு மேலே படி கிடையாது. ஆர்டிஸின் கல்யாணத்தன்று, மோதிரம் மாற்றி, கேக் வெட்டி, விருந்தாளிகள் எல்லாம் போன பிறகு, மாப்பிள்ளை லைல் அவள் பக்கம் குனிந்து, “பரவாயில்ல, நல்லாத்தான் போச்சு” என்றான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே ஒரு மாதத்தை ஓட்டினாள். இருபத்திரண்டு வருஷமாகப் பிரெக்ஹஸ் கேட்டலாக்கில் கோடாரி முதல் கம்பளிக் காலுறை வரை அத்தனைக்கும் வாசகம் எழுதியவளும் அவள்தான். அந்தக் கோடாரி வெட்டும், இந்தக் காலுறை கிழியாது என்று எழுதுவாள். கொஞ்சம் மிகையாகச் சொல்லிவிட்டோமோ என்று அதற்கும் கவலைப்படுவாள்.

“கேளுங்க” என்று வின்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டார். “போன வருஷம் முழுக்க இந்தக் கையுறை இருநூறு ஜோடிகூடப் போகலை. கிறிஸ்துமஸ் கேட்டலாக் அக்டோபர் முப்பத்தொண்ணு மத்தியானம் அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள நானூறு ஜோடிக்கு ஆர்டர் வந்தா கையுறைக்குப் பக்கம் உண்டு. வரலைன்னா அந்தப் பக்கத்தை ஹெல்மெட்டுக்குக் கொடுத்துடுவேன். எனக்கும் வருத்தம்தான். ஆனா வேற வழி இல்லை.”

அந்தக் கையுறைகளைத் தைப்பவள் ஆர்டிஸின் நாத்தனார் வெர்னா. ஊர்க் கோடியில் மூடிக் கிடந்த பழைய வெண்ணெய்க் கூடத்தில் ஆறு தையல் மிஷின் போட்டு, வெர்னாவும் இன்னும் ஐந்து பெண்களும் தைக்கிறார்கள். வெர்னாவின் புருஷன்மேல் மரம் விழுந்து முதுகு போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மற்ற ஐந்து வீடுகளிலும் அதே மாதிரி ஏதாவது ஒன்று இருக்கும். கேட்டலாக்கில் பக்கம் இல்லையென்றால் கையுறை இல்லை. கையுறை இல்லையென்றால் அந்த ஆறு வீட்டிலும் குளிர்காலத்துக்கு வருமானம் இல்லை.

“நான் என்ன செய்யணும்?” என்று கேட்டாள்.

“வலுவான சொல்லாப் போடுங்க!” வின்ஸ் தட்டச்சு செய்த ஒரு தாளை எடுத்து, அவள் மேஜைக்கு மேலே சுவரில் நாலு குண்டூசி வைத்துக் குத்தினார். நாற்பது சொற்கள். அற்புதம், அபாரம், அதிரடி, புரட்சி, மகத்தான, மெய்சிலிர்க்கும் என்று வரிசையாக இருந்தன. “இருபது வருஷமா எனக்குச் சோறு போட்ட சொல்லுங்க இது. எடுத்து விளாசுங்க!”

மத்தியானம் ஆர்டிஸ் வெண்ணெய்க் கூடத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

“அப்படியா” என்றாள் வெர்னா. கையில் இருந்த பெரிய கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “சரி. அதுக்கு நீ என்னடி பண்ணுவே? காபி குடி.”

“இல்ல, நான் எழுதிப் பார்க்கிறேன்.”

“நீ ஒண்ணும் சிரமப்படாதே. வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்” என்று சொல்லிக்கொண்டே வெர்னா காபியைக் கோப்பைக்கு வெளியே மேஜையில் ஊற்றினாள். யாரும் அதைப் பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. பட்டன் தைக்கும் மேபல் லுண்டீன் மட்டும், “எழுது தாயி, நல்லா எழுது. இந்த மிஷினை விட்டா எனக்குப் பொழுது போக வீட்டுல என் புருஷன்தான் இருக்கான்” என்றாள்.

ஆர்டிஸ் திரும்பி வந்து உட்கார்ந்தாள். சுவரில் இருந்த நாற்பதையும் ஒரு முறை படித்தாள். கன்னம் சிவந்துவிட்டது. பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு அடிக்க ஆரம்பித்தாள். அவளுடைய பழைய தட்டச்சு மிஷினில் ஆச்சரியக்குறிக்கென்று தனியாக விசை கிடையாது. ஒரு புள்ளி வைத்து, ஓர் எழுத்து பின்னால் வந்து, அதன் தலையில் ஒற்றை மேற்கோள் குறியைக் குத்த வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வேலையை அவள் ஒரு நாளும் செய்ததில்லை. அன்றைக்கு நாலு தடவை செய்தாள்.

“புரட்சிகரமான கையுறை! மெய்சிலிர்க்கும் கதகதப்பு! உங்கள் வாழ்க்கையையே மாற்றிவிடும்! இன்றே வாங்குங்கள்!”

வின்ஸ் படித்துவிட்டு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “பிரமாதம்!” என்றார். ஆகஸ்ட் கடைசியில் விளம்பர நோட்டீஸ் தபாலில் போனது. வட மினசோட்டாவிலும் டகோடாவிலும் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் பாக்கி இல்லை.

நாலாம் நாள் காலையில் தொலைபேசி அடித்தது. ஆர்டிஸ் பென்சிலும் ஆர்டர் புத்தகமுமாக எடுத்தாள்.

“ஆர்டிஸா? நான்தான் எல்மர். உனக்கு உடம்புக்கு ஏதாவது...?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

“இல்ல, நோட்டீஸ் வந்துது. அதான் கேட்டேன். லைல் நல்லா இருக்கானா?”

“நல்லா இருக்கான். கையுறை எத்தனை ஜோடி போடட்டும்?”

“அய்யய்யோ, அதெல்லாம் வேண்டாம்மா. நீ ஓய்வெடு” என்று சொல்லி, பழைய வாடிக்கைக்காரரான எல்மர் வைத்துவிட்டார்.

அடுத்து ஒரு விவசாயி கூப்பிட்டார். புரட்சி என்று போட்டிருக்கிறதே, கம்பெனிக்குள் ரஷ்யாக்காரன் யாராவது புகுந்துவிட்டானா என்று கேட்டார். இன்னொருவர் பத்து நிமிஷம் மழையைப் பற்றியே பேசிவிட்டுக் கடைசியில், “என் வாழ்க்கை பரவாயில்லாமத்தான் ஓடிட்டிருக்கு. இப்ப போய் அதை எதுக்கு மாத்தணும்?” என்றார். கடிதங்களும் வந்தன. “ஐயா, 1958லிருந்து உங்கள் கையுறையைத்தான் போடுகிறேன். அது பரவாயில்லை. அதை என்ன செய்து தொலைத்தீர்கள்? புதுசு வேண்டாம். பழையது மிச்சம் இருந்தால் தெரிவிக்கவும்” என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசற்படியில் மூன்று ஹாட்டிஷ் பாத்திரம் துணி போட்டு மூடி வைத்திருந்தது. இறைச்சியும் காளான் சூப்பும் கலந்து, மேலே உருளைக்கிழங்கு அடுக்கி, அடுப்பில் வேகவைத்தது. எங்கள் ஊரில் யாருக்காவது சாவு விழுந்தாலோ புத்தி பிசகினாலோதான் சொல்லாமல் கொள்ளாமல் ஹாட்டிஷ் வரும். லைல் மூன்று மூடியையும் திறந்து பார்த்தான். “செத்தது யாரு?” என்று கேட்டான்.

“என் மானம்” என்றாள் ஆர்டிஸ்.

திங்கட்கிழமை அதில் ஒன்றை ஆபீசுக்குக் கொண்டுபோய் வின்ஸ் முன்னால் வைத்தாள். வின்ஸ் ஆசையாக ஒரு வாய் போட்டுக்கொண்டு, “பிரமாதமா இருக்கே! யாருக்குப் பிறந்தநாள்?” என்றார்.

“யாருக்கும் இல்ல. எனக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சுன்னு ஊரே சேர்ந்து சமைச்சுப் போடுது. உங்க நாற்பது சொல்லாலதான்.”

வின்ஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மூச்சு முட்டச் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. முப்பத்தொரு ஜோடிதான் வந்திருக்கிறது என்று அவருக்கும் தெரியும்.

“சரி, இன்னும் ஒரு நோட்டீஸ் இருக்கு” என்றார். “அக்டோபர் முதல் வாரம் போகும். அதுதான் கடைசி. இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் வலுவா...”

“யாருக்கு வலுவா?” ஆர்டிஸ் குரலை உயர்த்திவிட்டாள். பக்கத்து அறையில் தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். “சொல்லுங்க வின்ஸ். எழுதறவங்களுக்கு வலுவா, வாங்கறவங்களுக்கு வலுவா? பிரமாதம்னு நீங்க ஒரு நாளைக்கு அம்பது தடவை சொல்றீங்க. அதுல எங்கே இருக்கு வலு? தண்ணி மாதிரி ஓடுது!”

அவள் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தாள். கோபம் மட்டும் போகவில்லை.

அந்தக் கோபத்தோடுதான் பின்கட்டு அலமாரியைத் திறந்தாள். வாடிக்கைக்காரர்களின் பழைய கடிதங்கள் கட்டுக்கட்டாக அங்கே இருந்தன. எந்த விஷயத்தைப் பற்றி எழுதும்போது இந்த ஜனங்களுக்குச் சூடு ஏறுகிறது, அதையாவது பார்ப்போம் என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாராட்டுக் கடிதம் எல்லாம் ஒரே வரி. “வந்தது. சரியாக இருக்கிறது.” அதில் ஒன்றும் அகப்படவில்லை. இரண்டாவது ஜோடி கேட்டு எழுதியவர்களின் கட்டைப் பிரித்தாள். தேய்ந்து போய்விட்டது, கிழிந்துவிட்டது என்று இருக்கும் என நினைத்தாள்.

முதல் கடிதம்: “முதல் ஜோடி நன்றாக இருந்தது. மச்சினன் ஜனவரியில் வாங்கிப்போனான். இப்போது ஆகஸ்ட். இன்னொன்று அனுப்பவும்.”

அடுத்தது: “பாதிரியார் ஒரு நாளைக்கு என்று கேட்டார். அவரிடம் போய் எப்படித் திருப்பிக் கேட்பது?”

அதற்கடுத்தது: “பக்கத்துப் பண்ணைக்காரரின் டிராக்டர் பள்ளத்தில் மாட்டியபோது கொடுத்தேன். தினமும் அதைப் போட்டுக்கொண்டேதான் எனக்குக் கை காட்டுகிறார். நானும் பதிலுக்குக் கை காட்டுகிறேன்.”

ஆர்டிஸ் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். மேலும் மேலும் பிரித்தாள். கிழிந்தது என்று எழுதியவர்கள் நாலே பேர். மீதி அத்தனை பேரும் கையுறையை இரவல் கொடுத்துத் தொலைத்தவர்கள். ஒருவராவது திட்டியிருக்கவில்லை. ஆனால் பேனாவை அழுத்திய அழுத்தத்தில் தாளின் பின்பக்கம் எல்லாம் தடித்திருந்தது. அவள் விரலால் தடவிப் பார்த்தாள். அங்கேதான் சூடு இருந்தது.

எங்கள் ஊரில் கார் சாவி காரிலேயே தொங்கும், யாருக்கு என்ன அவசரமோ என்று. ஏணி, படகு, பனி வாரும் மிஷின், கேட்டால் கொடுத்துவிட வேண்டும். முடியாது என்று ஒருவரிடம் சொல்வதைவிடக் கையை இழப்பது மேல். ஆர்டிஸ் மேஜைக்குப் போய்த் தாளைச் சொருகினாள். இரண்டு சொல்தான் அடித்தாள். அடித்துவிட்டு, ஏதோ செய்யக் கூடாததைச் செய்துவிட்டவள்போலக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் லைலிடம் படித்துக் காட்டினாள். “மான்தோல் கையுறை. உள்ளே கம்பளி. இரவல் கொடுக்காதீர்கள்.”

லைல் முள்கரண்டியை வைத்துவிட்டான். “இதை அச்சுலயா போடப்போற?”

“ஆமா.”

“எல்லாருக்கும் போகுமா?”

“எல்லாருக்கும்தான்.”

லைலுக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டன. எழுந்து கார்க் கொட்டகைக்குப் போனான். கையில் ஒரு ஜோடி மான்தோல் கையுறையோடு திரும்பி வந்து மேஜைமேல் வைத்தான்.

“இது யாரோடது?” என்றாள் ஆர்டிஸ்.

“எதிர்வீட்டு ஓர்வினோடது. மூணு வருஷம் ஆச்சு. நாளைக்குக் கொடுத்துட்டு வந்துடறேன்.”

“அட மனுஷா! உங்க அக்காதானே இதைத் தைக்கிறா! நான்தானே இதை விக்கிறேன்! நீ போய் எதிர்வீட்டுல இரவல் வாங்கினியா?”

“அன்னைக்குக் குளிரா இருந்துது” என்றான் லைல், பரிதாபமாக.

ஆர்டிஸுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவளுக்கு வந்தது என்னவோ சந்தோஷம். மூன்று வருஷமாக அசையாமல் கிடந்த மனுஷனை ஒரு வரி எழுப்பிக் கொட்டகை வரைக்கும் நடக்க வைத்துவிட்டதே! அவன் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். எதற்கு என்று தெரியாமல் அவன் விழித்தான்.

மறுநாள் வின்ஸ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆச்சரியக்குறி எங்கே?”

“வேண்டாம்.”

“என் நாற்பதுல இருந்து ஒண்ணாவது?”

“ஒண்ணும் வேண்டாம்.”

“ஆர்டிஸ், விக்கிறவன் எப்பவும் செய்யின்னு சொல்லணும். செய்யாதேன்னு சொல்லவே கூடாது. இது வியாபாரத்தோட அரிச்சுவடி!”

“இந்த ஊர்ல இதைவிட வலுவான சொல் கிடையாது வின்ஸ். சர்ச்சுல நின்னு கெட்ட வார்த்தைகூடப் பேசிடலாம். இரவல் கொடுக்காதேன்னு சொல்ல முடியாது.” லைலின் கதையை அவள் சொன்னாள். வின்ஸ் கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். பிறகு பெருமூச்சு விட்டு, கீழே கையெழுத்துப் போட்டார்.

“நானூறு வரலைன்னா...”

“தெரியும்” என்றாள்.

அக்டோபர் நாலாம் தேதி நோட்டீஸ் போனது. இந்தத் தடவை யாரும் தொலைபேசியில் கூப்பிடவில்லை. ஹாட்டிஷும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாதிரியார், கேட்பவனுக்குக் கொடுப்பதைப் பற்றி நாற்பது நிமிஷம் பிரசங்கம் செய்தார். கண் மட்டும் ஆர்டிஸ் உட்கார்ந்திருந்த வரிசையைவிட்டு நகரவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே ஒரு பண்ணை வீட்டுக் கதவுக்கு வெளியே கையுறை ஒன்றை மாட்டிவிட்டு ஓட்டமாக ஓடியதை மேபல் பார்த்தாள்.

அவர் மட்டுமா? ஊர் முழுக்க அதுதான் நடந்தது. வாசல் கைப்பிடிகளிலும் தபால் பெட்டிகளிலும் கையுறைகள் தொங்கின. சிலர் தபாலில் அனுப்பினார்கள். ஒருவன் பதினோரு வருஷத்துப் பழையதை அண்ணன் காரின் முன்சீட்டில் வைத்துவிட்டுப் போனான். கம்பெனிக்குக் கடிதம் வந்தது. “நோட்டீஸுக்கு நன்றி. என்னுடையது திரும்பி வந்துவிட்டது. ஆகவே புதிது தேவையில்லை.” அதே மாதிரி ஒன்று, இரண்டு, இருபது என்று வந்துகொண்டே இருந்தது.

பதினெட்டாம் தேதி வின்ஸ் அந்தக் கடிதக் கட்டை மேஜைமேல் போட்டார். அவருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. “ஊரையே திருத்திட்டீங்க ஆர்டிஸ். வியாபாரத்தைத்தான் கெடுத்துட்டீங்க.” மொத்தம் ஐம்பத்திரண்டு ஜோடிதான் ஆகியிருந்தது.

ஆர்டிஸ் அன்றைக்கு வெண்ணெய்க் கூடத்தின் பக்கமே போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? வெர்னாதான் மறுநாள் மளிகைக் கடையில் அவளைப் பிடித்தாள்.

“ஏண்டி, ஓடி ஒளியறே?”

“அக்கா, என்னாலதான் எல்லாம்...”

“சும்மா இரு” என்றாள் வெர்னா. ஆர்டிஸின் கூடையில் இருந்த முட்டைக்கோஸை எடுத்துப் பார்த்து, அதைவிட நல்லதாக ஒன்றைப் போட்டுவிட்டுப் போனாள். ஆர்டிஸ் காருக்குள் உட்கார்ந்து அழுதாள்.

இருபத்துமூன்றாம் தேதி விடிகாலையில் பனி விழ ஆரம்பித்தது. வழக்கத்தைவிட மூன்று வாரம் முன்னாலேயே வந்துவிட்டது. நிற்காமல் இரண்டு நாள் கொட்டி, முழங்கால்வரை ஏறி, அதற்கு மேல் காற்றும் அடித்தது. ஊரே மண்வாரியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தது. அப்போதுதான் பாதி ஊருக்குத் தெரிந்தது, கையில் போட ஒன்றும் இல்லையென்று. இருந்ததை எல்லாம் போன வாரம்தானே திருப்பிக் கொடுத்தார்கள்! முன்னே மாதிரி வேலிக்கு அந்தப் பக்கம் போய்க் கேட்கலாம் என்றால் அந்த நோட்டீஸைப் படித்த பிறகு எவன் கேட்பான்? லைலே இரண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து, “ஒரு ஜோடி எழுதிக்கோ. பணம் கொடுத்துடறேன்” என்றான்.

தொலைபேசி கீழே வைக்க வைக்க அடித்தது. கேட்டவர்கள் எல்லாம் வெட்கத்தோடு ஒரு ஜோடி, ஒரு ஜோடி என்றார்கள். ஆர்டிஸுக்கு அது புரிந்தது. இருபத்தெட்டாம் தேதி சாலை திறந்து தபால் வண்டி வந்தபோது நடந்ததுதான் அவளே எதிர்பாராதது. தபால்காரர் இரண்டு சாக்கை முதுகில் சுமந்து வந்து போட்டார். முதல் உறையைப் பிரித்தாள்.

“இரண்டு ஜோடி அனுப்பவும். ஒன்று எனக்கு. ஒன்று இரவல் கொடுக்க.”

அடுத்ததைப் பிரித்தாள். அதிலும் இரண்டு ஜோடி. அடுத்தது மூன்று ஜோடி. “எங்களுக்கு இரண்டு. கேட்கிறவர்களுக்கு ஒன்று, எங்களுடையதைக் கொடுக்க வேண்டாம் என்று நீங்கள் சொன்னபடியால்.”

“வின்ஸ்!” என்று கத்தினாள். “வின்ஸ், இங்கே ஓடி வாங்க! இதுங்க கொடுக்காம இருக்கப் போறதில்ல! கொடுக்கறதுக்குன்னே தனியா ஒண்ணு வாங்குதுங்க!”

வின்ஸ் ஓடி வந்தார். இரண்டு பேரும் தரையில் மண்டியிட்டு உறைகளைக் கிழித்தார்கள். முடியாது என்று சொல்ல இந்த ஜனங்களால் ஆகாது என்று அவள் எழுதும்போதே தெரிந்திருந்தது. ஆனால் அந்தக் கஷ்டத்துக்கு இப்படி ஒரு வழி கண்டுபிடிப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வின்ஸ் நூறுக்கு ஒரு தடவை எழுந்து நின்று கூவினார்.

முப்பத்தொன்றாம் தேதி காலை பத்து மணிக்குக் கணக்கு முடிந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு ஜோடி. வின்ஸ் ஹெல்மெட் பக்கத்தை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். ஆர்டிஸ் தொலைபேசியை எடுத்தாள். வெண்ணெய்க் கூடத்தில் யாரும் எடுக்கவில்லை. மறுபடி எண்ணைச் சுற்றப் போகும்போது வெர்னாவே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். தோள் முழுக்கப் பனி. தைக்கும்போது கட்டும் அங்கிகூடக் கழற்றவில்லை.

“இன்னைக்குத்தானே கடைசி நாள்” என்றாள். “நேர்ல கேட்டுக்கலாம்னு வந்தேன். சொல்லு, போச்சா?”

“அறுநூத்திப் பன்னெண்டு, அக்கா.”

“அப்படியா” என்றாள் வெர்னா. அருகில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள், அங்கிப் பையில் கையை விட்டு நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து, கிழிக்கப் போனாள். வின்ஸுக்குத்தான் எழுதிய காகிதம் எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காதே! “அது என்னது?” என்று வாங்கிப் பிரித்துச் சத்தமாகப் படித்தார்.

“தையல் மிஷின் ஆறு விற்பனைக்கு. பழசு. சத்தம் போடும். இரண்டு அடிக்கடி நின்றுவிடும்.”

“மளிகைக் கடைப் பலகையில ஒட்டறதுக்கு எழுதினேன்” என்றாள் வெர்னா. “நீ ஆகஸ்ட்டுல வந்து சொன்னியே, அன்னைக்கே எழுதிட்டேன். தினம் கடை வரைக்கும் எடுத்துட்டுப் போவேன். தினம் திருப்பி எடுத்துட்டு வருவேன்.”

வின்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். “அம்மா! சத்தம் போடும், நின்னுடும்னு விக்கிறவங்களே எழுதுவாங்களா? இப்படி எழுதினா எவன் வாங்குவான்?”

“யாரும் வாங்கிடக் கூடாதுன்னுதான் அப்படி எழுதினேன்” என்றாள் வெர்னா. “அதுல எழுதினது எல்லாம் பொய். அந்த மிஷின் ஒண்ணுகூட ஒரு நாளும் நின்னதில்ல.”

ஆர்டிஸ் போய் அவளைக் கட்டிக்கொண்டாள். பனி உருகி இரண்டு பேர் உடையும் நனைந்தது.